படை போன பிறகு எதற்கு விவாதம்?

‘படையை எங்கே அனுப்புவது என்று எம்.பி.க்களைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?’ என்று நேற்று ராமேஸ்வரத்தில் ஒருவர் பேச, விழுந்ததே கைதட்டல், அதுதான் மனசில் ஆறவில்லை. வேறு ஊராக இருந்தால் விட்டிருப்பேன். இந்தக் கரையில் தட்டலாமா?

1987 ஜூன் 3. இங்கிருந்துதான் யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் படகுகள் கிளம்பின. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாள் விமானத்திலிருந்து பொருள்களைப் போட்டார்கள். ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். 30ஆம் தேதியே யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்தில் நம் படை. அமைதி காக்கப் போனவர்கள் அக்டோபர் 10இல் புலிகளோடு போரில் இறங்கினார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் உயிரோடு இல்லை. செத்த ஈழத்துச் சனத்துக்கு ஒழுங்கான கணக்கே இல்லை. இறங்கும் முன் மக்களவையில் ஒரு வாக்கெடுப்பு? கிடையாது. வேண்டும் என்று சட்டமும் இல்லை. இன்றுவரை இல்லை.

போரைக் காரணம் காட்டி உள்நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்தால், அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவுப்படி ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்ப வேண்டும். வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதே அரசு கடல் தாண்டிப் படை அனுப்பினால் அமைச்சரவை முடிவே போதும். இது எந்த ஊர் நியாயம்?

‘அவசரத்துக்கு என்ன செய்வது?’ என்பீர்கள். சரியான கேள்வி. 1988இல் ஆட்சிக் கவிழ்ப்பைத் தடுக்க மாலத்தீவுக்குச் சில மணி நேரத்தில் படை போக வேண்டியிருந்தது. போகட்டும். அமெரிக்காவின் 1973 சட்டம் மாதிரி 48 மணி நேரத்தில் அவைக்கு அறிக்கை, 60 நாளில் ஒப்புதல், இல்லையென்றால் திரும்பு. அங்கே அதிபர்கள் அதைச் சுற்றிப் போகிறார்கள், உண்மைதான். ஆனால் கணக்குப் போடுங்கள்: ஜூலை 30இலிருந்து 60 நாள் என்றால் செப்டம்பர் 28. அக்டோபர் 10க்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ‘எதற்குப் போனோம், எப்போது வருவோம்’ என்று அவை கேட்டே ஆக வேண்டியிருந்திருக்கும்.

ரகசியம் போய்விடுமாம். தாக்குதல் திட்டத்தை யார் கேட்டது? நோக்கம், காலம், செலவு, இவ்வளவுதான்.

இப்படித்தான் வாக்களி என்று கட்சி போடும் கொறடா உத்தரவில் எல்லோரும் கைதூக்கிவிடுவார்கள் என்றால், தூக்கட்டும். யார் தூக்கினார்கள் என்று பெயராவது பதிவாகும். மண்டபம் அகதி முகாமில் வந்து இறங்கியவர்களுக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டாமா?

அரசியல் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டியதில்லை. படைத் தலைமையைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்று 53(2) சொல்கிறது. சாதாரணச் சட்டமே போதும். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துத் அமைச்சர் அல்லாத எம்.பி.யே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென்றே ஒதுக்கியது. நேற்றுக் கைதட்டியவர்களும் சேர்ந்தே நம் எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்.