ராம் ஆலை மூடியது, யங்ஸ் பீர் நிற்கவில்லை

லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த ராம் பீர் ஆலை 2006இல் மூடப்பட்டதோடு யங்ஸ் பீர்களும் நின்றுபோயின என்று ஒருவர் தம் பதிவில் எழுத, பலரும் அதையே திரும்பச் சொல்லி வருகிறார்கள். ஆலை மூடப்பட்டது உண்மை. பீர்கள் நிற்கவில்லை, இடம்தான் மாறின.

அந்த ஆலையை நடத்திய யங்ஸ் நிறுவனம் தன் பீர் தயாரிப்பை இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த சார்லஸ் வெல்ஸ் நிறுவனத்துடன் இணைத்தது. அப்படிப் பிறந்த வெல்ஸ் அண்ட் யங்ஸ் நிறுவனத்தில் யங்ஸின் பங்கு 40 விழுக்காடு. 2011இல்தான் அந்தப் பங்கை விற்றார்கள். யங்ஸ் பிட்டர், ஸ்பெஷல் என்ற இரு பீர்களும் பெட்ஃபோர்டில் தொடர்ந்து தயாராயின. சுவை முன்போல் இல்லை என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அது வேறு விவாதம்.

சரிபார்க்க விரும்பினால், ஆலை மூடப்பட்டதை அடுத்து வந்த சில ஆண்டுகளின் யங்ஸ் புட்டி ஒன்றின் லேபிளைப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரியில் பெட்ஃபோர்டு என்றிருக்கும். யங்ஸின் அந்தக் கால ஆண்டறிக்கைகளிலும் இந்த 40 விழுக்காட்டுப் பங்கு பதிவாகியிருக்கிறது. அதை எழுதிய நண்பர் தம் பதிவில் பீர்கள் நின்றுபோயின என்ற அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும். 1581 முதல் பீர் தயாரித்த இடம் என்று அவர் எழுதிய பகுதி அருமை.