பேராசிரியர் பால்ராஜ் பெற்றது நோபல் அல்ல
"4ஜி-க்காக நோபல் வாங்கிய பொள்ளாச்சிக்காரர், சென்னை ஐஐடி பி.டெக்" என்று ஆரோக்கியசாமி பால்ராஜ் பற்றிய செய்தி ஒன்று கடலூர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பொள்ளாச்சி சரி, மற்றவை தவறு.

அவர் பெற்றது தகவல் தொடர்புத் துறைக்கான, 2014-ஆம் ஆண்டின் மார்க்கோனி பரிசு. அதை வழங்கும் மார்க்கோனி சொசைட்டி தளத்தில் அவர் பெயர் இருக்கிறது; நோபல் தளத்தில் இல்லை. பதின்வயதிலேயே கடற்படைப் பயிற்சிக்குப் போனவர், பணியில் இருந்தபடியே டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கினார். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். கடற்படைக்கு, நீருக்கடியில் இருப்பவற்றை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கினார், அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியல் பேராசிரியரானார். பல ஆன்டெனாக்கள் வழியாக ஒரே அலைவரிசையில் தனித்தனித் தகவல்களை அனுப்பும் மைமோ (MIMO) தொழில்நுட்பம் அவருடைய யோசனை; 4ஜி-யில் பயன்படுவது இதுதான். அதற்கான 1992 காப்புரிமை விண்ணப்பத்தில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத் பெயரும் உண்டு.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.