எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுப் பழைய ஜீப் வாங்காதீர்கள்

கடந்த மூன்று வாரங்களில் நான்கு பேர் பழைய ஜீப்புகளின் படங்களை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நால்வரும் கேட்டது ஒன்றைத்தான்: "அண்ணா, எஞ்சின் நல்லதாம், எடுக்கலாமா?" முன்பக்கம், பக்கவாட்டு, இருக்கைகள், கூரை விளக்குகள் என்று எல்லாப் படங்களும் வந்தன. வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் முப்பது வயதான ஜீப்புகளுக்கு அதற்கு முன் ஒருபோதும் இல்லாத விலை வந்தது. அந்த விலைக்காகவே அவற்றைப் பூசி மினுக்கினார்கள். பெயின்ட் புதிது, டயர் புதிது, சீட் உறை புதிது. கியர்பொக்ஸிலிருந்து நான்கு சக்கரங்கள் வரை போகும் சாமான்களை மட்டும் எவரும் தொடவில்லை. வாங்குகிறவர் பொனெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, புகையைப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கிறார்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். என் வண்டி தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட ஒரு ஜப்பானிய டீசல் ஜீப். 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். என் மாமி வெல்லம்பிட்டியில் இருந்தார். அவரையும் அயல் வீட்டுப் பிள்ளைகளையும் கொண்டுவர ஜீப்பைத் தண்ணீரில் இறக்கினேன். சக்கரத்தின் பாதிக்கு மேலே தண்ணீர். மூன்று தடவை போய் வந்தேன். எஞ்சின் ஒரு முறைகூடத் திணறவில்லை. வீட்டுக்கு வந்து உடம்பைக் கழுவி நிறுத்தினேன். வேறு எதுவும் செய்யவில்லை.

ஓகஸ்ட் மாதமளவில், வேகம் 60ஐத் தொட்டால் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. டயர் சத்தம் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது, கடுகண்ணாவை ஏற்றத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். அடுத்து, அம்மியில் கல் உப்பை அரைப்பது போன்ற சத்தம். எஞ்சின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை. முன்சக்கர இழுவையைச் சேர்த்துப் பார்த்தேன். உடைந்த பல் உள்ளே சிக்கியிருந்ததால் அதுவும் பலிக்கவில்லை. பின்னால் லொறிகள் வரிசையாக நிற்க, பிள்ளைகளை இறக்கி வீதியோரம் நிறுத்திவிட்டு இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம்.

கிராண்ட்பாஸில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜுக்கு இழுத்து வந்தோம். அங்கே வேலை செய்பவரை 'நானா' (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். நானா, பின் டிஃபரன்ஷியலின் (பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஒயில் வடிக்கும் அடி ஆணியைக் கழற்றி, கீழே ஒரு பழைய பெயின்ட் வாளியைப் பிடித்தார். வந்தது ஒயில் அல்ல. பால் தேநீர் நிறத்தில், நுரையோடு, கட்டிகட்டியாக ஏதோ ஒன்று வந்தது. ஆணியின் நுனியில் இருக்கும் காந்தத்தில் வழக்கமாகக் கறுப்புப் பசை போன்ற இரும்புத் தூள்தான் படிந்திருக்கும். என் ஆணியில் அரிசிக் குறுநொய் அளவுக்கு இரும்புத் துண்டுகள் ஒட்டியிருந்தன. நானா அந்தத் திரவத்தை இரு விரல்களுக்கிடையில் தேய்த்து என் கையிலும் தடவினார். "தம்பி, வெள்ளத்துக்குப் பிறகு இதைத் திறக்கவே இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கவலையாகக் கேட்டார். அது இன்னும் மனதில் இருக்கிறது.

பிறகு, டிஃபரன்ஷியலும் சக்கர அச்சும் இருக்கும் எக்ஸல் கூட்டின் மேலே இருக்கும் சிறிய மூடியைக் காட்டினார். அதைப் பிரீதர் என்பார்கள். ஓடும்போது டிஃபரன்ஷியல் சூடேறும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அது வெளியேற ஒரு வழி வேண்டும். என் வண்டியில் அந்த வழியைச் சேறு சீமெந்து போல இறுகி அடைத்திருந்தது. சூடான எக்ஸல் திடீரென்று குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது, வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கிறது. மேலே வழி இல்லாவிட்டால், ஒயில் கசியாமல் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ஒயில் சீல் ஊடாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சீலின் உதடு உள்ளே இருக்கும் ஒயிலை மறித்துப் பிடிப்பதற்காக அமைந்தது, வெளித் தண்ணீரை மறிப்பதற்காக அல்ல. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுண் வீலின் பல்லும் அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனின் பல்லும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடி அழுத்தும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நடுவே தடித்த ஒயில் படலம் இல்லையென்றால் இரும்பு இரும்பைத் தின்னும். சில லீட்டர் ஒயிலை மே மாதமே மாற்றியிருந்தால் தப்பியிருக்கும். பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய டிஃபரன்ஷியலைத் தேடி எடுக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. நானா அதைப் பூட்டியபோது, பிரீதரில் ஒரு இறப்பர்க் குழாயை மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட்டார். மிகச் சிறிய செலவு. கொழும்பில் ஜீப் வைத்திருக்கும் எல்லாரும் மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம் என்னைப் பதற வைக்கிறது. மழை தொடங்கினால், கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் தார் வீதியிலேயே நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், பிடிமானம் கூடும் என்று. முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத பழைய ஜீப்புகளில் இது வண்டியைக் கொல்லும் வேலை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருளுகின்றன. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் வீதியில் வழுக்க இடமில்லை, ஆகவே சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டுகள் முறுகுகின்றன. நாலு சக்கர லீவரைத் திருப்பி எடுக்க முடியாமல் இறுகிக்கொள்வது அதனால்தான். அப்போது லீவரோடு மல்லுக்கட்டாமல் சில மீற்றர் நேராகப் பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டுப்போகும். வருடக்கணக்கில் இப்படி முறுகிய யுனிவர்சல் ஜொயின்ட்தான் (ஷாஃப்டின் மூட்டு), கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அடியில் 'டக்' என்று சத்தமிடுகிறது.

மறுபுறம், நாலு சக்கர இழுவையை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சேர்க்காத வண்டிகளும் இந்த நகரத்தில் ஏராளம். அதுவும் கெடுதல்தான். முன் டிஃபரன்ஷியலில் ஒயில் மேலேறாமல் பற்களும் பெயாரிங்குகளும் காய்ந்து கிடக்கும், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் கிரீஸ் இறுகும். டொயோட்டாவின் கைநூல்களில் மாதம் குறைந்தது 16 கிலோமீட்டர் நாலு சக்கரத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த ஜீப்புகளை வாங்கப்போகிறவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

எந்த நிறுவனத்தின் வண்டி நல்லது என்று கேட்கிறீர்கள். பலவீனம் இல்லாத பழைய ஜீப் கிடையாது. எங்கே பலவீனம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய சீரிஸ் லாண்ட்ரோவரில் பின் எக்ஸல் ஷாஃப்ட் முறியும் என்பது மலையகத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஷாஃப்ட் வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை, சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. ஆகவே முறிந்ததை உருவி எடுத்துவிட்டு, முன்சக்கர இழுவையைச் சேர்த்து மெல்ல வீடு வந்து சேரலாம். உடையும் இடத்தை உடைந்தாலும் சமாளிக்கக்கூடிய இடமாக வைத்த அந்த அமைப்பை நான் மதிக்கிறேன். லாண்ட்குருசர் 80 வரிசையில் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய ஈரப்பசை இருந்தால் பயமில்லை. கறுப்பாக ஒழுகினால் உள் சீல் போய், டிஃபரன்ஷியல் ஒயில் கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஓட்டும்போது 'டிக் டிக்' என்று கேட்டால் அந்த உருண்டைக்குள் இருக்கும் ஜொயின்ட் தேய்ந்துவிட்டது. 1991இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜேரோவில் முன் அச்சைச் சேர்ப்பது வெற்றிட விசையால். நாலு சக்கர விளக்கு ஓயாமல் கண் சிமிட்டினால் முதலில் அந்த வெற்றிடத்தைக் கொண்டுபோகும் இறப்பர்க் குழாய்களைப் பாருங்கள். என் நண்பர் ஒருவரிடம் டிரான்ஸ்ஃபர் கேஸையே (முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். வெடித்த குழாய் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

நேற்று, படம் அனுப்பிய நால்வரில் ஒரு தம்பியோடு வத்தளைக்கு ஒரு ஜீப் பார்க்கப் போனேன். எஞ்சின் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட், இன்னும் மணம் போகவில்லை. பின் டிஃபரன்ஷியலின் ஆணியைத் திறந்து பார்க்கலாமா, ஒயில் செலவு எங்களுடையது என்று கேட்டேன். உரிமையாளர் மறுத்துவிட்டார். தம்பிக்கு அந்த வண்டியில் ஆசை. மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். முற்பணம் கொடுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டோம்.