நாலு பைட்டைப் பிரிக்கக்கூடவா வராது?

பழைய எக்செல் ஷீட்டில் இருப்பது மைனஸ் 12,345.67. அந்த ஃபைலைப் படித்து மாற்றும் உங்கள் கன்வெர்ட்டர் கக்குவது 1,07,25,072.57. பன்னிரண்டாயிரம் பற்று ஒரு கோடி வரவாகிவிட்டது! தி.நகர் ஆடிட்டர் ஆபீசில் ராத்திரி பத்து மணிக்கும் கணக்கு டேலி ஆகாமல் திட்டு வாங்குவது யார்? டேட்டா என்ட்ரி பையன்தான். கோட் எழுதிய மகராசன் ஓஎம்ஆரில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் எண்ணைச் சுருக்கி வைக்கும் ஆர்கே (RK) வடிவம் மொத்தமே 32 பிட், அதாவது நாலு பைட். கடைசி பிட் 1 என்றால், வந்த விடையை நூறால் வகுக்க வேண்டும். அதற்கு முந்தைய பிட் 1 என்றால், மீதி 30 பிட்டும் மைனஸ் வரக்கூடிய முழு எண். 0 என்றால் அந்த 30 பிட்தான் 64 பிட் டபுளின் (புள்ளி வைத்த எண்ணை வைக்கும் வடிவம்) தலைப்பகுதி, கீழே 34 பிட்டும் சைபர். இவ்வளவுதான் சாமி. மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ஆவணமாக வெளியிட்டுவிட்டது. படித்தால் என்ன?

அந்தக் கோடி ரூபாய் எப்படி முளைத்தது? இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளும்போது மைனஸ் குறியைக் காப்பாற்றவில்லை. ஜாவாவில் >> போடாமல் >>> போட்டிருப்பார்கள் (அது குறியைப் பார்க்காமல் தள்ளும்), சி-யில் மைனஸே தெரியாத அன்சைன்டு மாறியில் வாங்கியிருப்பார்கள். "மைனஸ் 5 போட்டு டெஸ்ட் பண்ணினோமே" என்பார்கள். அடப்பாவிகளா! சின்ன எண்களை எக்செல் பெரும்பாலும் டபுள் வடிவில்தான் வைக்கும். அப்புறம் முழு எண் பக்கமே உங்கள் டெஸ்ட் எட்டிப் பார்க்காது.

வகுப்பதிலும் இதே அழகு. 12,345.67 உள்ளே 1234567 ஆக இருக்கும். அதை டபுளாக மாற்றாமல் முழு எண்ணாகவே நூறால் வகுத்தால் 67 காசு கோவிந்தா. இன்னும் சில புண்ணியவான்கள் நாலு பைட்டையும் அப்படியே ஃப்ளோட்டாக (டபுளின் 32 பிட் தம்பி) வாசிக்கிறார்கள். 1 என்பது 1.875 ஆக வரும். ஒரே வரிசையில் பல ஆர்கே செல்களை அடுக்கும் முல்ஆர்கே (MULRK) ரெக்கார்டில் வேறு கூத்து: ஒவ்வொரு செல்லுக்கும் 6 பைட், அதில் முதல் 2 ஃபார்மேட் எண். முன்னால் 4, கடைசியில் 2 பைட் வரிசை, நெடுவரிசை எண்கள். நீளத்தில் 6 கழித்து ஆறால் வகுத்தால் செல் எண்ணிக்கை. கழிக்க மறந்தால் இல்லாத செல் ஒன்று கூடுதலாக வரும்.

முதலில் இந்த நாலையும் ஓட்டிப் பாருங்கள்: 1, 1.23, 1,23,45,678, மைனஸ் 12,345.67. எக்செல்லில் சேமித்தால் நாலும் நாலு வடிவில் உட்காரும்.