ஜீப் ஸ்டாண்டில் எடுத்த கணக்கும் வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சும்

சில வருடங்களுக்கு முன்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. படிவம் நிரப்ப உள்ளூர் ஆள் தேடினார்கள். எனக்குக் குமுளியில்தான் வீடு, தமிழும் மலையாளமும் வாசிப்பேன் என்பதால் போனேன். யார் நடத்தினார்கள் என்பதை விட்டுவிடுவோம். அதன் அறிக்கை போன வாரம்தான் கைக்கு வந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கலப்பு முறை ஆய்வு என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதாவது படிவம் வைத்து எண்ணிக்கையும் எடுத்தோம், உட்கார்ந்து பேசி நேர்காணலும் செய்தோம் என்று அர்த்தம். உண்மைதான், இரண்டும் நடந்தது. ஆனால் ஒரு அத்தியாயம் முழுக்க அட்டவணை, அடுத்த அத்தியாயம் முழுக்கப் பெண்களின் பேச்சு. மருந்தடித்த தோட்டத்தில் வேலை செய்வதால் தொந்தரவு எதுவும் இல்லை என்று பெரும்பாலானவர்கள் சொன்னதாக அட்டவணை காட்டுகிறது. பேச்சிலோ தலைவலி, கண் எரிச்சல், கை அரிப்பு என்று பக்கம் பக்கமாக வருகிறது. ஏன் இப்படி முரண்படுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. முடிவுரையில் அட்டவணை மட்டும் பேசுகிறது.

ஏன் முரண்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றிருந்தேன். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி வரும் பெண்களிடம் இறங்கிய இடத்திலேயே படிவத்தை நீட்டினோம். பக்கத்தில் கங்காணி. வேலைக்கு நேரமாகிறது என்ற பதற்றம். அதைவிடப் பெரிய விஷயம், உடம்பு முடியாதவர்கள் அன்று ஜீப்பே ஏறியிருக்க மாட்டார்கள். வேலைத்தலத்தில் கணக்கெடுத்தால் நோயாளி விடுபட்டுப்போவார் என்பது தொழிலாளர் நல ஆய்வில் பழைய பாடம்.

அப்புறம் மொழி. படிவம் மலையாளத்தில் இருந்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நமக்கு மார்கழியில் இறங்குவது. என்னோடு வந்த பெண் "பனி உண்டோ?" என்று கேட்க, ஒரு பாட்டி மலையைப் பார்த்துத் தலையாட்டினார். அது காய்ச்சல் என்று பதிவாகிவிட்டது. நான் கவனித்தது அந்த ஒன்றைத்தான். கவனிக்காதவை எத்தனையோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து பேசியபோது ஒரு அக்கா சொன்னார்: "தம்பி, அதெல்லாம் ஒரு சீக்கா? மருந்து வாடைன்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல போயிரும்." வேலைக்குப் போக முடியாமல் படுத்தால்தான் அவர்களுக்குத் தொந்தரவு. படிவத்தில் இருந்த சொல்லுக்கு அவர்களிடம் வேறு பொருள். அட்டவணையை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கான சாவி அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. அதை அடுத்த அத்தியாயத்தில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு உதவித்தொகை கேட்டுப் பெற ஆலோசனை கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. 126 பேரிடம் எடுத்த அளவீட்டில் உடல்நலத்தில் பெரிதாக மாற்றமில்லை. அவர்களில் 25 பேரிடம் உட்கார்ந்து பேசினால், வாழ்க்கையே மாறிவிட்டது என்கிற மாதிரி வருகிறது. அவர்கள் ஒன்றை மறைத்து இன்னொன்றை நீட்டவில்லை. முரண்பாட்டையே கட்டுரையின் பொருளாக்கினார்கள். இரண்டு தரவையும் ஒப்பிட முடியுமா, ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் செய்யப்பட்டதா, இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் அளந்தனவா என்று ஆறு வழிகளில் சோதித்தார்கள். நம்ம ஊர் அறிக்கையில் நான் தேடியது இதைத்தான்.

ஒரு கலப்பு ஆய்வு தரமானதா என்று மதிப்பிடுவதற்குக் கருவியும் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான எம்எம்ஏடி (Mixed Methods Appraisal Tool) என்ற சரிபார்ப்புப் பட்டியலின் 2018 பதிப்பு கலப்பு ஆய்வுக்கென்றே ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறது. எதற்காக இரண்டு முறை, இரண்டும் உண்மையிலேயே இணைந்தனவா, இணைந்ததிலிருந்து என்ன புரிந்தது, முரண்பட்ட இடத்துக்கு விளக்கம் உண்டா, ஒவ்வொரு பாதியும் அதனதன் அளவுகோலில் தேறுமா. அதில் நான்காவது கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். எண்ணும் பேச்சும் எல்லா இடத்திலும் அப்படியே ஒத்துப்போகும் ஆய்வைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பத்து இருபது பேர் பேசியதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பேச்சுக்கும் குறை உண்டு. நேர்காணலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர்கள், வாய்விட்டுப் பேசுகிறவர்கள். அதையும் அறிக்கை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. நான் எண்ணைக் குறை சொல்லவில்லை. எத்தனை பேருக்கு அரிப்பு வருகிறது என்று திண்ணைப் பேச்சு சொல்லாது, அதற்குப் படிவம் வேண்டும். ஆனால் முதலில் திண்ணையில் பேசி, அவர்கள் வாயில் வரும் சொல்லை எடுத்து, அதை வைத்துப் படிவம் போட்டிருக்கலாம். அப்படி வரிசைப்படுத்திச் செய்யும் முறையும் இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்த ஒன்றுதான். செலவும் அதிகமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பக்கம் அடுத்து இப்படி ஒரு ஆய்வு வந்தால் எனக்குச் சொல்லுங்கள். படிவத்தைத் தமிழில் வாசித்துப் பார்க்கக் கூலி வேண்டாம், நான் வருகிறேன். ஜீப் ஸ்டாண்டுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். சாயங்காலம் ஜீப் மலை இறங்கின பிறகு வீட்டுக்குப் போவோம்.