அடித்துச் சொன்னால் நினைவு சரியாகிவிடுமா?

தானே புயல் பேச்சு வந்தாலே எங்கள் வீட்டில் சண்டைதான். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அதேதான். அன்று காலையே போன் போட்டு, முந்திரித் தோப்பு சாய்ந்த கதையை அம்மா வாயாலேயே கேட்டதாகச் சென்னை மாமா சத்தியம் செய்கிறார். "கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல, யாருகிட்டடா பேசுன?" என்கிறார் அம்மா. போன பொங்கலுக்கு, "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மாமா பொய் சொல்லவில்லை. அடித்துச் சொல்கிற நினைவும் தப்பாக இருக்கலாம். உளவியலின் ஆரம்பப் பாடத்திலேயே வரும் இந்த விஷயம் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதிர்ச்சியான செய்தியைக் கேட்ட கணம் போட்டோ பிடித்ததுபோல மனதில் நிற்கும் என்று 1977இல் பிரவுன், குலிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். ஃபிளாஷ்பல்ப் நினைவு என்று பெயர். நைசர், ஹார்ஷ் என்ற ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடம் கழித்து அதையே கேட்டபோது, 44 பேரில் 11 பேர் சொன்னது முழுக்கத் தப்பு. ஆனால் பெரும்பாலானவர்கள் அடித்துத்தான் சொன்னார்கள். அவரவர் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

அதற்காக எல்லோர் நினைவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1989 கலிஃபோர்னியா நிலநடுக்கத்தை நைசர் குழு ஆராய்ந்தபோது, அதிர்வை நேரில் அனுபவித்தவர்கள் தங்களுக்கு நடந்ததை ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள். தூரத்து அட்லாண்டாவில் செய்தியாகக் கேட்டவர்களுக்குத்தான் நிறையக் குழம்பியது. அதனால் இந்த வழக்கில் நான் அம்மா பக்கம். புயலை உடம்பால் அனுபவித்தவர் அவர். மாமாவுக்கு அது கேட்ட செய்தி. பிறகு எப்போதோ பேசிய பேச்சு அந்தக் காலையோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பொய் என்று பெயர் வைப்பது அநியாயம்.

கேள்வி கேட்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கார்கள் மோதும் திரைப்படத் துண்டைக் காட்டி, என்ன வேகத்தில் வந்தன என்று கேட்கும்போது, 'மோதியபோது' என்பதற்குப் பதில் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டாலே வேகத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று 1974இல் லாஃப்டஸ், பாமர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். தேவனாம்பட்டினத்திலோ பண்ருட்டிப் பக்கமோ பெரியவர்களிடம் சுனாமி, புயல் கதை கேட்கும் பிள்ளைகளே, "ராத்திரியே மரம் விழுந்துடுச்சா?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள்.