1931: போடாமல் போன முதல் வோட்டு

1931 இல் இலங்கையின் சட்டசபையான அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலை யாழ்ப்பாணத்தில் நாலு தொகுதிகள் பகிஷ்கரித்தன. அந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் ஆட்கள் ஆசனக் கணக்கில் இறங்கிவிடுவார்கள். நாலு ஆசனத்தை விட்டது கெட்டித்தனமா, மடைத்தனமா? என்னைக் கேட்டால் ஆசனம் பெரிய விஷயமே இல்லை. 1934 இல் இடைத்தேர்தல் வைத்து நிரப்பியாயிற்று, ஜி. ஜி. பொன்னம்பலம் பருத்தித்துறையால் சபைக்குள் போனதும் அப்போதுதான். தலைவர்மாருக்கு மூன்று வருஷம் பிந்தியது, அவ்வளவுதான்.

நான் யோசிப்பது புதிதாக வோட்டுக் கிடைத்த சனத்தைப் பற்றி. அதுவரை இலங்கையில் சுமார் 4 வீதம் பேருக்குத்தான் வோட்டு. படிப்பும் வருமானமும் சொத்தும் பார்த்துக் கொடுத்தது, அதுவும் ஆம்பிளைகளுக்கு மட்டும். பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் அரசியல் திட்டத்தோடு 21 வயதானால் ஆணும் பெண்ணும் போடலாம் என்றாகிறது. பெண்களுக்கு 30 என்றுதான் ஆணைக்குழு எழுதியது, பிறகுதான் 21 ஆக்கினார்கள். (மலையகத் தொழிலாளருக்கு நிபந்தனை வைத்தது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இந்தத் திட்டம் சுயராச்சியம் இல்லை, எங்களுக்கு வேண்டாம் என்று தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள், பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று நின்றவர்கள். அவர்களுடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கூடத் தலையாட்டிய பெரிய மனிதர் எல்லாரும் சுயராச்சியத்துக்காகவா ஆட்டினார்கள்? வயலில் நிற்கிறவனுக்கும் வோட்டா, அவன் பெண்டிலுக்கும் வோட்டா என்று முகம் சுளித்தவர்கள் அப்போது எத்தனை பேர். சர் பொன்னம்பலம் இராமநாதனே சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்து, 1930 இல் கண்ணை மூடினவர்தானே.

சரி, நடந்தது என்ன? யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, இந்த நாலு தொகுதியிலும் ஒருத்தரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. இதைத்தான் நாங்கள் கவனிப்பதில்லை. வாக்குச்சாவடி திறந்திருந்து சனம் போகாமல் விட்டால் அது சனத்தின் பகிஷ்கரிப்பு. இங்கே சாவடியே இல்லை. நிற்கக்கூடிய நாலைந்து பேர் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள், வோட்டுள்ளவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் 1932 இல் கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் வென்று அரசாங்க சபைக்குப் போனார். அந்த நாளில் இந்த நாலு தொகுதிகளிலும் ஒரு பெண்கூடச் சபைக்கு வோட்டுப் போட்டிருக்கவில்லை.

எங்கள் அம்மம்மா 1909 இல் பிறந்தவ, 1931 இல் அவவுக்கு 22 வயது. அந்தக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறப் பெட்டிக்குள் துண்டைப் போட வேண்டும், எழுத்துத் தெரியாதவர்களும் போடலாம். பிறகொரு தேர்தலில் அவ முதன்முதலாகப் போய்ப் போட்டதைச் சொல்லும்போது யாருக்கு என்று கேட்டேன். "ஆரெண்டு ஆருக்குத் தெரியும், சிவப்புப் பெட்டி" என்றா. பெட்டி எந்தப் பக்கம் இருந்தது என்று கையால் காட்டியும் காட்டினா.